இருபதடியா, நாற்பதடியா? பொள்ளாச்சி – கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கன்டெய்னர் லாரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையில் சாவடிகள் எத்தனை இருந்தாலும் அவற்றுக்கு இரண்டு பக்கமும் தொழில் ஒன்றுதான்: மஞ்சி (தேங்காய் நார்) மில், பித் (நார்த்தூள்) களம், தேங்காய்க் களம். பொள்ளாச்சிக்காரரும் சரி, கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரரும் சரி, ஒரே தமிழில்தான் லாரி கேட்டு போன் செய்கிறார்கள். கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றுக்கான பதில்கள் இங்கே. கப்பல் வாடகைக்குள் போகவில்லை. மில் வாசலில் இருந்து துறைமுகக் கேட் வரைக்கும் மட்டும்.

இருபதடிப் பெட்டி நாற்பதடியில் பாதிதானே, லாரி வாடகையும் பாதியாக இருக்க வேண்டாமா?

இருக்காது. டிரைவர் ஒருவர்தான், பேட்டா ஒன்றுதான், போய்வரும் தூரமும் ஒன்றுதான். சுங்கச்சாவடியில் பெட்டியின் நீளத்தை யாரும் அளப்பதில்லை, ஆக்சிலைத்தான் (சக்கர அச்சை) எண்ணுகிறார்கள். நான்கு முதல் ஆறு ஆக்சில் வரை உள்ள வண்டிக்கு ஒரே கட்டணம். இருபதடி ஏற்றிய நான்கு ஆக்சில் வண்டியும் நாற்பதடி ஏற்றிய ஐந்து ஆக்சில் வண்டியும் பாலியேக்கரையில் ஒரே தொகையைத்தான் கட்டும். குறைவது டீசல்தான். அதுவும் பெட்டி சின்னது என்பதற்காகக் குறையாது, உள்ளே எடை குறைவாக இருந்தால்தான் குறையும்.

அதனால் வாடகையை எப்போதும் டன்னுக்கு இவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு நாற்பதடிக்கு 40,000 ரூபாய், இருபதடிக்கு 32,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதடியில் 25 டன் பித் போனால் டன்னுக்கு 1,600 ரூபாய். அதே பித் இருபதடியில் 11 டன்தான் ஏறும். டன்னுக்கு 2,900 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். 8,000 ரூபாய் மிச்சம் என்று தெரிவது உண்மையில் நட்டம்.

அப்படியானால் யாருக்குத்தான் இருபதடி லாபம்?

கனமான சரக்குக்காரருக்கு. கோவையிலிருந்து போகும் வார்ப்பட இரும்பு, மெருகேற்றிய கிரானைட், டைல்ஸ் போன்றவை. இவற்றில் பெட்டி நிறைவதற்கு வெகு முன்னாலேயே எடை நிறைந்துவிடும். இரும்பு ஏற்றிய இருபதடியின் கதவைத் திறந்தால் சரக்கு இடுப்பு உயரம்கூட இருக்காது, மேலே வெறும் காற்றுதான் இருக்கும். அதற்கு நாற்பதடி எடுத்தால் காற்றுக்குத்தான் வாடகை கொடுக்கிறோம்.

அளவுகள் தெரிந்திருந்தால் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். இருபதடிப் பெட்டியின் உள்நீளம் சுமார் 5.9 மீட்டர், கொள்ளளவு 33 கன மீட்டர், காலிப் பெட்டியின் எடை 2.2 முதல் 2.4 டன். நாற்பதடி சாதாரணப் பெட்டி 67 கன மீட்டர். ஹைக்யூப் எனப்படும் உயரப் பெட்டி 76 கன மீட்டர், அதன் காலி எடை மட்டும் 3.9 டன் அளவில் வரும். கவனியுங்கள்: நீளம் இரட்டிப்பானாலும் ஏற்றக்கூடிய எடை இரட்டிப்பாவதில்லை. இப்போது ஓடும் இருபதடியில் பெரும்பாலானவற்றுக்கும் நாற்பதடிக்கும் மொத்த எடை வரம்பு ஏறக்குறைய ஒன்றே, 30.48 டன். சில பெட்டிகளில் கொஞ்சம் கூடும், பழைய இருபதடிகளில் 24 டன் என்றும் இருக்கும். கதவில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஏற்ற ஆரம்பிக்க வேண்டாம்.

ஐந்து கிலோ பித் கட்டிகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சரக்கு. ஹைக்யூப்பில் 24, 25 டன் வந்து பெட்டியும் எடையும் ஏறக்குறைய ஒன்றாக நிறையும். அதனால்தான் இந்தப் பக்கம் எல்லோரும் ஹைக்யூப்பையே கேட்கிறார்கள். மஞ்சி பேல் அப்படியில்லை. பிரஸ் எவ்வளவு அழுத்துகிறதோ அந்த அளவுக்குத்தான் எடை. பிரஸ் சுமாராக இருந்தால் பெட்டி நிறைந்திருக்கும், எடை பாதியைத் தாண்டியிருக்காது. லாரி வாடகை முழுசாகத்தான் போகும். மஞ்சிக்காரருக்கு வாடகையைக் குறைக்கும் வழி லாரி ஆபீஸில் இல்லை, மில்லில் இருக்கும் பிரஸ்ஸில்தான் இருக்கிறது.

இருபதடிதானே, சின்ன ட்ரெய்லர் போதும் அல்லவா?

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியது. அதன்படி நான்கு ஆக்சில் ட்ரெய்லர் வண்டியின் மொத்த எடை 39.5 டன் வரை போகலாம், ஐந்து ஆக்சில் 45.5 டன், ஆறு ஆக்சில் 55 டன். மொத்த எடை என்றால் இழுக்கும் வண்டி, ட்ரெய்லர், காலிப் பெட்டி, சரக்கு எல்லாம் சேர்த்து.

27 டன் வார்ப்படம் ஏற்றிய இருபதடியை எடுத்துக்கொள்வோம். பெட்டி 2.3 டன். சின்ன ட்ரெய்லரும் அதை இழுக்கும் வண்டியும் சுமார் 11.5 டன். கூட்டினால் 40.8 டன். நான்கு ஆக்சில் வரம்பை 1.3 டன் தாண்டியாயிற்று. அதே பெட்டியை மூன்று ஆக்சில் கொண்ட (இழுக்கும் வண்டியோடு சேர்த்து ஐந்து) நாற்பதடி ட்ரெய்லரில் வைத்தால் வண்டி எடை 13.5 டன் ஆனாலும் மொத்தம் 42.8 டன்தான், 45.5-க்குள் நிம்மதியாக நிற்கும். 25 டன் பித் ஏற்றிய ஹைக்யூப்பும் அதே வண்டியில் 42.4 டன் வரும். ஒன்று சின்னப் பெட்டி, ஒன்று பெரிய பெட்டி, ரோட்டின் மேல் இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. லாரிக்காரர் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வாடகை சொன்னால் அவர் ஏமாற்றவில்லை.

அதிக பாரத்துக்கு அபராதம் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை அங்கேயே இறக்க வேண்டும். சீல் வைத்த ஏற்றுமதிப் பெட்டியை வாளையாறில் நடுரோட்டில் திறந்து இறக்குவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். அபராதத்தை விட அதுதான் பெரிய தலைவலி.

ஒரே ட்ரெய்லரில் இரண்டு இருபதடி ஏற்றி வாடகையை மிச்சம் பிடிக்கலாமா?

இரண்டும் லேசாக இருந்தால் தாராளமாக. ஆளுக்கு 10 டன் சரக்கு என்றால் சரக்கு 20, பெட்டிகள் 4.6, வண்டி 13.5, ஆக மொத்தம் 38 டன் சொச்சம். கயிறு, மிதியடி, நார்ப்பாய் அனுப்புகிற இரண்டு பேர் சேர்ந்து இப்படிச் செய்யலாம். ஆனால் இரண்டு பேருடைய பெட்டியும் ஒரே நாளில், ஒரே துறைமுகத்துக்கு, கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்குள் ஏறி முடிய வேண்டும். ஒருவர் தாமதித்தால் ஹால்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான கட்டணம்) இருவர் தலையிலும் விழும். முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல், முன்னால் இருக்கும் பெட்டியின் கதவு. பின்பெட்டி வழியில் நிற்கும்போது முன்பெட்டிக்கு எப்படி ஏற்றுவது? கதவை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதைக் காலிப் பெட்டி யார்டில் தூக்கி வைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மில்லுக்கு வந்த பிறகு திருப்பி வைக்கக் கிரேன்தான் வர வேண்டும்.

ஒற்றை இருபதடி கனமாக இருந்தால் நாற்பதடி ட்ரெய்லரின் நடுவில்தான் வைக்க வேண்டும். கதவுக்கு வசதி என்று கடைசியில் வைத்தால் பாரம் முழுவதும் பின் ஆக்சில்களில் இறங்கி, இழுக்கும் முன்வண்டியின் டயர்களுக்கு ரோட்டில் பிடி குறையும்.

நாற்பதடி வண்டி என் மில்லுக்குள் வருமா?

போனில் "வரும் வரும்" என்பார்கள். நம்ப வேண்டாம், நடந்து பாருங்கள். முன்வண்டியோடு சேர்த்து 16 மீட்டருக்குக் குறையாத நீளம். தோப்புக்குள் போகும் ஒற்றைத் தார்ச்சாலை நேராக இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் பாலத்தில் ஏறியதும் சட்டென்று இடதுபுறம் திரும்ப வேண்டிய இடங்கள் இந்தப் பகுதியில் நிறைய. அங்கே முன்வண்டி திரும்பிவிடும். பின் டயர்கள் வளைவை வெட்டிக்கொண்டு பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தேடி வரும். டிரைவர் இறங்கி, செருப்பால் மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு, "அண்ணா, முன்னாடி போயிரும்ங்க, பின்னாடிதான் போகாது" என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் வற்புறுத்தினால் வாய்க்காலுக்குள் சக்கரம் இறங்கும், கிரேன் வாடகை உங்கள் கணக்கில் ஏறும்.

மேலேயும் பாருங்கள். ஹைக்யூப்பின் உயரம் 2.9 மீட்டர். ட்ரெய்லர் மேல் வைத்தால் தரையிலிருந்து 4.4 மீட்டர் வரை வரும். சாதாரணப் பெட்டியை விட ஒரு அடிதான் அதிகம், ஆனால் அந்த ஒரு அடியில்தான் தொங்கும் மின்கம்பியும் தென்னை மட்டையும் மாட்டும். மட்டையை வெட்டிவிடலாம், மின்கம்பிக்கு மின்வாரியத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். காலிப் பெட்டி வந்தபோது தொடாத கம்பி லோடு ஏறிய பிறகும் தொடாது, வண்டி அமுங்கி உயரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எனவே காலி உள்ளே வந்துவிட்டால் உயரக் கவலை தீர்ந்தது. எடைக் கவலைதான் மிச்சம்: மழை பெய்த மண் களத்தில் காலியாக வந்த வண்டி 42 டன்னோடு வெளியே போகாது.

உள்ளே வரவே முடியாது என்றால் இருபதடி எடுப்பதை விட, மெயின் ரோட்டை ஒட்டி யாராவது தெரிந்தவர் களத்தில் டெம்போ வைத்துக் கொண்டுபோய் ஏற்றுவது பல நேரம் மலிவு. அந்த இடத்தின் பெயர் ஆவணங்களில் சரியாக வர வேண்டும் என்பதை மட்டும் கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதற்கு எவ்வளவு நேரம் தருவார்கள்?

வண்டி பேசும்போதே கேளுங்கள், வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். அந்த நேரம் தாண்டினால் ஹால்டிங். பாலெட்டில் அடுக்கி ஃபோர்க்லிஃப்ட் வைத்திருப்பவர் நாற்பதடியை இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவார். கட்டி கட்டியாகக் கையால் ஏற்றினால் 25 டன் என்பது 5,000 கட்டி. அரை நாள் போய்விடும். பாலெட் போட்டால் ஒரு டன், ஒன்றரை டன் இடம் போகும் என்று யோசிப்பவர்கள் ஹால்டிங்கையும் ஆள் கூலியையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் மில் இருந்தால் சுமட்டுத் (சுமை தூக்கும்) தொழிலாளர் சங்கத்துக் கூலி விகிதத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பார்த்து நிற்பதற்கே கூலி கேட்கும் நோக்குக்கூலியைக் கேரள அரசு 2018-இல் தடை செய்துவிட்டது. வேலைக்கான கூலி வேறு, அது கொடுக்க வேண்டியதுதான்.

வாடகையில் காலிப் பெட்டி கொண்டு வருவதும் அடக்கமா?

ஆமாம். லாரிக்காரர் சொல்வது போகவர ஒரு சுற்றுக்கான தொகை. கொச்சி யார்டில் காலிப் பெட்டி எடுத்து, மில்லுக்கு வந்து, ஏற்றி, வல்லார்பாடம் (கொச்சித் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம்) கேட்டில் சேர்ப்பது வரை. பாதித் தூரம் காற்றை ஏற்றிக்கொண்டுதான் வண்டி வருகிறது.

வாடகையைக் குறைக்க உண்மையான வழி இந்தப் பாதியில்தான் இருக்கிறது. கஞ்சிக்கோட்டிலோ கோவையிலோ இறக்குமதிச் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பெட்டி உங்களுக்குக் கிடைத்தால், இறக்குமதிக்காரரும் நீங்களும் வாடகையைப் பங்கு போடலாம். ஆனால் அது உங்கள் கப்பல் லைனின் (கப்பல் நிறுவனத்தின்) பெட்டியாக இருக்க வேண்டும், லைன் அனுமதிக்க வேண்டும், அளவும் பொருந்த வேண்டும். கனமான கச்சாப்பொருள் இருபதடியில் வருகிறது, பித் நாற்பதடியில் போகிறது. பொருத்தம் இங்கேதான் தவறுகிறது. நாற்பதடியில் இறக்குமதி செய்பவர் யார் என்று உங்கள் ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்பும் ஏற்பாட்டாளரிடம்) கேட்டு வையுங்கள். எல்லா வாரமும் அமையாது, அமைந்த வாரம் நல்ல மிச்சம்.

பெட்டி கையில் வந்ததும் ஒரு வேலை: ஒருவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். இருட்டில் எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். ஆடி மழையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே போகும் பித்துக்கு அந்த ஓட்டை போதும், மேல் வரிசை முழுவதும் உப்பிவிடும்.

கொச்சியா, தூத்துக்குடியா?

தூரத்தில் கொச்சி ஏறக்குறைய பாதி. பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம், கொல்லங்கோடு, நெம்மாறை வழியாக வடக்கஞ்சேரியில் தேசிய நெடுஞ்சாலை 544-ஐப் பிடித்து, திருச்சூரைத் தாண்டி, களமசேரியில் கன்டெய்னர் ரோட்டுக்குத் திரும்பினால் 17 கிலோமீட்டரில் வல்லார்பாடம். குதிரான் மலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்ற காலம் 2021-இல் முதல் சுரங்கப்பாதை திறந்ததும் போய்விட்டது.

ஆனால் தூரத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். திருச்சூருக்கும் அங்கமாலிக்கும் நடுவே நெரிசல் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு சாட்சி: 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் பாலியேக்கரை சுங்க வசூலையே அதற்காக நிறுத்தி வைத்தது. பன்னியங்கரை, பாலியேக்கரை, கன்டெய்னர் ரோட்டில் பொன்னாரிமங்கலம் என்று சுங்கம் அடுத்தடுத்து வருகிறது. டீசலும் கேரளத்தில் விலை கூட, அதனால் டிரைவர்கள் இந்தப் பக்கமே டேங்கை நிரப்பிக்கொண்டுதான் எல்லை தாண்டுவார்கள்.

தூத்துக்குடி திண்டுக்கல், மதுரை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல். வாடகை கூடும், வண்டி திரும்ப ஒரு நாள் கூடுதலாகும். அப்படியும் நிறையப் பேர் அங்கே போவதற்குக் காரணம், அவர்கள் லைனுக்கு ஹைக்யூப் காலி அங்கே கிடைக்கிறது, அல்லது கொழும்புக்கு அடுத்த கப்பல் அங்கிருந்து முன்னதாகக் கிளம்புகிறது. என் அபிப்பிராயத்தில் வரிசை இதுதான்: முதலில் காலிப் பெட்டி எங்கே இருக்கிறது, பிறகு கப்பல் எப்போது, மூன்றாவதாகத்தான் லாரி வாடகை. பெட்டியே இல்லாத துறைமுகத்துக்கு வாடகை மலிவு என்பதில் என்ன பயன்?

விழிஞ்ஞம் வந்துவிட்டதே, அங்கே அனுப்பலாமா?

2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்ட துறைமுகம் அது. பெரிய கப்பலிலிருந்து சின்னக் கப்பலுக்குப் பெட்டி மாற்றுவதுதான் அதன் முதல் வேலை. பொள்ளாச்சியிலிருந்து தூரமும் கொச்சியை விட அதிகம். களியக்காவிளை, மார்த்தாண்டம்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம், நமக்கு அவசரமில்லை.

அமெரிக்க வாடிக்கையாளர் நாற்பதடியில் 20 டன்னுக்கு மேல் ஏற்றாதே என்கிறார். நம் ரோட்டில் 25 போகிறதே?

அவர் ஊர் ரோட்டில் போகாது. அங்கே வழக்கமான ஐந்து ஆக்சில் வண்டியின் மொத்த எடை வரம்பு 80,000 பவுண்டு, அதாவது 36.3 டன். நம் ஐந்து ஆக்சிலை விட ஒன்பது டன் குறைவு. கூட ஏற்றினால் அங்கே தனி அனுமதி, தனி ட்ரெய்லர் என்று செலவு ஏறி, அது உங்களுக்குத் தர வேண்டிய பணத்தில்தான் கழியும். விலை பேசும்போதே 20 டன் கணக்கில் டன்னுக்கு லாரி வாடகையைப் போடுங்கள். ஐரோப்பா ஆர்டருக்குப் போட்ட விலையை அப்படியே எடுத்து எழுதினால் இடிக்கும்.

எடைச் சான்றுக்கு மில் பக்கத்து எடைமேடை போதுமா?

2016 ஜூலை 1 முதல் ஏற்றுமதிப் பெட்டியின் சரிபார்த்த மொத்த எடையைச் சொல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். சொல்ல வேண்டிய பொறுப்பு சரக்கு அனுப்புபவருக்கு. இருபதடி வண்டிக்குப் பக்கத்து எடைமேடை போதலாம். நாற்பதடி வண்டி முழுவதும் ஒரே நேரத்தில் மேடைமேல் நிற்க வேண்டும். 18 மீட்டர் மேடை வேண்டும். பாதி வண்டியை ஏற்றி ஒரு சீட்டு, மறுபாதிக்கு இன்னொரு சீட்டு என்று கூட்டிப் போடுவது ஆபத்து. வண்டியை ஒரு முறை காலியாகவும் எடை போட்டுக்கொள்ளுங்கள், பெட்டியின் காலி எடையைக் கதவிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். பித்தில் ஈரம் கூடினால் எடையும் கூடும், போன லோடு எடையை இந்த லோடுக்கு எழுத வேண்டாம்.

இ-வே பில்லுக்குப் (ஜிஎஸ்டி சரக்குப் போக்குவரத்துச் சீட்டுக்கு) பெட்டி அளவால் வித்தியாசம் உண்டா?

சாதாரணப் பெட்டிகளுக்கு இல்லை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் பில் செல்லும் என்பது கணக்கு. கொச்சிக்கு ஒரு நாள், தூத்துக்குடிக்கு இரண்டு நாள் கிடைக்கும். வண்டி வழியில் பழுதாகி வேறு முன்வண்டி மாற்றினால் பில்லில் வண்டி எண்ணையும் மாற்ற மறக்காதீர்கள்.

வண்டியை எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

கப்பலின் கட் ஆஃப் நேரத்திலிருந்து (பெட்டியை ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரம்) பின்னோக்கி எண்ணுங்கள். கொச்சி என்றால் பெட்டி கேட்டுக்குள் போக வேண்டிய நேரத்துக்கு ஒரு முழு நாள் முன்பாவது மில்லை விட்டுக் கிளம்ப வேண்டும், தூத்துக்குடி என்றால் இரண்டு நாள். அதற்கு முந்தைய நாள் ஏற்றுவது, அதற்கும் முந்தைய நாள் காலிப் பெட்டி எடுப்பது. ஓணம், தீபாவளி, பொங்கல் வாரங்களில் டிரைவர் கிடைப்பது கஷ்டம், இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். ரொம்ப முன்னால் எடுத்தாலும் சிக்கல்: பெட்டியை வெளியே வைத்திருக்க லைன் தரும் இலவச நாட்கள் முடிந்தால் டிடென்ஷன் கட்டணம், துறைமுகத்துக்குள் சீக்கிரம் விட்டால் அங்கே இட வாடகை.

வண்டி சொல்லும்போது "ஒரு கன்டெய்னர் வேணும்" என்று நிறுத்தாமல் பெட்டி அளவு, ஹைக்யூப்பா இல்லையா, சரக்கு எடை, கதவு எந்தப் பக்கம், மில் ரோட்டின் அகலம், ஏற்ற ஆகும் நேரம், எந்த யார்டு, எந்தத் துறைமுகம் எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் அனுப்புங்கள். மில் வாசலின் போட்டோவும் ஒன்று வைத்தால் நல்லது. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் வளைவு அதில் தெரிய வேண்டும்.